ஹார்ட் டிஸ்க் இல்லாத ஆறு கணினிகள்: தன்னார்வக் கணிப்புக்கு ஒரு லினக்ஸ் கிளஸ்டர்

என்னிடம் இருப்பவை ஆறு சிறு கணினிகள், ஒரு சர்வர், ஒரு கிகாபிட் சுவிட்ச். ஆறிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது, எஸ்எஸ்டி கிடையாது, பென்டிரைவ்கூடக் கிடையாது. பட்டனை அழுத்தினால் கேபிள் வழியாகவே லினக்ஸ் வந்து ஏறும், தன்னார்வக் கணிப்பு வேலைகளை இறக்கி ஓட்டும் பாயின்க் மென்பொருள் தானாகத் தொடங்கும், நிறுத்திய இடத்திலிருந்து கணக்கைத் தொடரும். இதை எப்படிக் கட்டுவது என்று எழுதுகிறேன். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து தரப்போவதில்லை. அவை மேன் பக்கங்களில் (லினக்ஸின் உதவிப் பக்கங்களில்) இருக்கின்றன, பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்யும். எந்தக் கோப்பில் எதைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் தேடினாலும் எளிதில் கிடைக்காதது. நான் பயன்படுத்துவது டெபியன் என்ற லினக்ஸ் வகை. மற்றவற்றில் பெயர்கள் மாறலாம், வேலை அதேதான்.

முதலில், இது எதற்கு. வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேடிய தன்னார்வக் கணிப்புத் திட்டமான செட்டி அட் ஹோம் 1999 மே 17 அன்று தொடங்கியது. வீட்டுக் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தில் வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளை அலசிக் கொடுக்கலாம் என்பதை அது லட்சக்கணக்கானவர்களுக்குக் காட்டியது. 2020 மார்ச்சில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதை நடத்திய பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவிலிருந்தே வந்த பாயின்க் மென்பொருளில் இன்றும் பல திட்டங்கள் ஓடுகின்றன. அதில் ஒன்றான ஐன்ஸ்டைன் அட் ஹோம், 2010இல், அரசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து நொடிக்கு 41 முறை சுழலும் ஒரு பல்சாரைக் (துடிப்பு விண்மீனைக்) கண்டுபிடித்தது. கண்டது தன்னார்வலர்களின் சாதாரணக் கணினிகள். என் அலமாரியில் ஓடும் ஒவ்வொரு வேலையையும் நான் அந்த மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

கிளஸ்டர் (கணினிக் கூட்டம்) என்றதும் பலர் 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 கணினிகளைக் கோத்துக் கட்டிய பியோவுல்ஃபை நினைக்கிறார்கள். அங்கே ஒரே கணக்கைப் பல கணினிகள் பங்குபோட்டு, நொடிக்கு நொடி ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். நமக்கு அது தேவையில்லை. தன்னார்வக் கணிப்பில் சிப்பின் ஒவ்வொரு கோரும் (கணக்கிடும் அலகும்) ஒரு தனி வேலையை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கும். பக்கத்துக் கணினி செத்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் விலை உயர்ந்த நெட்வொர்க் வேண்டாம், கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறும் எம்பிஐ வேண்டாம், வேலை பகிரும் மேலாளர் மென்பொருளும் வேண்டாம். பங்கீட்டைத் திட்டத்தின் சர்வரே பார்த்துக்கொள்கிறது. நாம் கட்ட வேண்டியது நன்றாகப் பூட் ஆகும், தன் வேலையை மறக்காத கணினிகளை மட்டும்தான்.

எல்லாம் அந்த "மறக்காத" என்பதில்தான் இருக்கிறது. டிஸ்க்கை எடுத்த உடனே ஒரு கேள்வி வரும்: இந்தக் கணினி எதை நினைவில் வைத்திருக்க வேண்டும், எதை மறக்கலாம்? இயங்குதளம் எல்லாருக்கும் பொது, யாரும் அதில் எழுதக் கூடாது. லாக், தற்காலிகக் கோப்புகள் போன்றவை கரண்ட் போனால் போகட்டும். பாதியில் நிற்கும் கணக்கு மட்டும் போகவே கூடாது, அதுவும் கணினிக்குத் தனித்தனியாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கலக்காமல் பிரித்தால் கிளஸ்டர் நிற்கும். கீழே சொல்வதெல்லாம் இந்தப் பிரிவினையைச் செய்து முடிக்கும் வழிதான்.

கணினிகளைத் தேர்ந்தெடுப்பது

பழைய கணினி சும்மா கிடக்கிறதே என்பதற்காக எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். கோர் 2 குவாட் க்யூ6600 சிப்பின் வெப்ப அளவு 105 வாட், நான்கு கோர். ஐ5-6500டி சிப்பிலும் நான்கு கோர்தான், வெப்ப அளவு 35 வாட். வேகமோ பின்னதுதான் அதிகம். ஐ5-8500டி அதே 35 வாட்டில் ஆறு கோர் தருகிறது. 24 மணி நேரமும் ஓடப்போகும் பெட்டிக்கு இந்த வித்தியாசம் மாதா மாதம் மின் கட்டணத்தில் தெரியும். 2011க்கு முந்தைய இன்டெல் சிப்களில் பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லை, ஏவிஎக்ஸ்2 வந்தது 2013இல். சில திட்டங்களின் நிரல்கள் இவை இருந்தால் கணிசமாக வேகமாக ஓடும். என் கருத்தில் ஏவிஎக்ஸ் இல்லாத கணினியைச் சேர்க்காமல் விடுவதே அறிவியலுக்கும் மின்சாரத்துக்கும் நல்லது.

அலுவலகங்கள் கழித்துக்கட்டும் மினி கணினிகள் இதற்கு மிகப் பொருத்தம். வாங்கியதும் மூடியைத் திறந்து ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள், சிப்பின் மேலிருக்கும் காய்ந்த தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் அந்த பேட்டரி செத்தால் கரண்ட் போய் வரும்போது பயாஸ் (மதர்போர்டின் தொடக்க நிரல்) அமைப்பு அழிந்து, நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பதே கணினிக்கு மறந்துபோகும். கடிகாரமும் பல வருடம் பின்னே போய்விடும். தேதி தவறாக இருந்தால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள் செல்லாது, திட்டத்தின் சர்வரோடு பேசவே முடியாது.

ரேம் ஒரு கோருக்கு 2 ஜிபி இருந்தால் நிம்மதி. சில திட்டங்களில் ஒரு வேலையே 1 ஜிபிக்கு மேல் கேட்கும். தவிர, நாம் ரேமின் ஒரு பகுதியைத்தான் டிஸ்க்போலவும் பயன்படுத்தப்போகிறோம்.

இன்னொன்று: கணினி உங்களுடையதாக இருக்கட்டும், அல்லது உடையவரின் அனுமதி இருக்கட்டும். வேலை செய்யும் இடத்துக் கணினிகளில் கேட்காமல் போடாதீர்கள்.

நெட்வொர்க்

சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு வையுங்கள். ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, இன்னொன்று கிளஸ்டரின் சுவிட்சுக்கு. உள்பக்கத்துக்கு முகவரி தருவது சர்வர், வெளியே போக வழிவிடுவதும் அதுவே. ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் ஒரு மாஸ்கரேட் விதி (உள் முகவரிகளைச் சர்வரின் முகவரியாக மாற்றி அனுப்புவது) எழுதினால் போதும். ஒரே நெட்வொர்க்கில் ரவுட்டரோடு சேர்த்துச் செய்யவும் முடியும், முகவரியும் பூட் கோப்பும் வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சர்வர் நிரலில் அதற்கு ப்ராக்சி முறை உண்டு. ஆனாலும் நான் பிரித்து வைப்பதையே சொல்வேன். சர்வரின் கோப்புறைகளை நெட்வொர்க் வழியாகத் தரும் என்எஃப்எஸ்ஸின் போக்குவரத்து சாதாரணமாக மறையாக்கம் இல்லாமல் போகிறது. அதை வீட்டிலிருக்கும் மற்ற சாதனங்கள் பார்க்காத இடத்தில் வைப்பதே சரி.

சுவிட்ச் சாதாரணமானதே போதும். மேனேஜ்டு சுவிட்ச் கையில் இருந்தால் ஸ்பேனிங் ட்ரீ (கேபிள்கள் சுற்றுவட்டம் ஆகாமல் தடுக்கும் வசதி) அமைப்பை மட்டும் கவனியுங்கள். பழைய முறை ஸ்பேனிங் ட்ரீயில் ஒரு போர்ட் விழித்ததும் 30 நொடி எதையும் அனுப்பாமல் நிற்கும். அதற்குள் கணினியின் பூட் ரோம் (நெட்வொர்க் கார்டின் தொடக்க நிரல்) முகவரி கேட்டுக் களைத்து விட்டுவிடலாம். கணினி செருகிய போர்ட்களை எட்ஜ் போர்ட் என்று குறித்தால் தீர்ந்தது.

பூட் ஆகும் சங்கிலி

இங்கே நிதானமாக வாருங்கள். எட்டில் ஏழு சிக்கல் இந்தச் சில நொடிகளில்தான் வரும்.

பட்டனை அழுத்தியதும் நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யும்) நிரல் "எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்" என்று கேட்கும். கேட்கும்போதே தான் எந்த வகைக் கணினி என்பதையும் டிஎச்சிபியின் (முகவரி வழங்கும் நெறிமுறையின்) 93ஆம் விருப்பத்தில் சொல்லும்: பழைய பயாஸ் என்றால் 0, பயாஸின் புது வடிவமான 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் 7. டிஎன்எஸ்மாஸ்க் அதைப் பார்த்து இரண்டு விதக் கோப்புகளில் ஒன்றைத் தர வேண்டும். இரண்டுமே ஐபிஎக்ஸ்இ என்ற சிறு பூட் நிரல்தான், ஒன்று பயாஸுக்கு, மற்றது யூஇஎஃப்ஐக்கு. டெபியனில் ஐபிஎக்ஸ்இ தொகுப்பை நிறுவினால் இரண்டும் வந்துவிடும். கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி நெறிமுறைக்குத் தனி சர்வர் தேவையில்லை, டிஎன்எஸ்மாஸ்க்கிலேயே இருக்கிறது.

ஐபிஎக்ஸ்இ ஏறியதும் தன் பங்குக்கு மறுபடி டிஎச்சிபி கேட்கும். இரண்டாவது முறையும் அதே பதிலைக் கொடுத்தால் அது தன்னையே மறுபடி இறக்கும், மறுபடி கேட்கும், முடிவே வராது. கேட்பவர் ஐபிஎக்ஸ்இதான் என்பதை 175ஆம் விருப்பத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம், அது கேட்கும் கேள்வியில் அந்த விருப்பம் இருக்கும். அப்படி இருந்தால் ஒரு குறிச்சொல் போட்டு, பூட் கோப்புக்குப் பதிலாக ஒரு ஸ்கிரிப்டின் எச்டிடிபி முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எச்டிடிபி எதற்கு என்று கேட்கலாம். டிஎஃப்டிபி சாதாரணமாக 512 பைட் துண்டுகளாக அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் "வந்தது" என்று பதில் வரும்வரை காத்திருக்கும். சில நூறு கேபி கோப்புக்கு அது பரவாயில்லை. பல எம்பி இனிட்ராம்எஃப்எஸ் (லினக்ஸின் மையமான கெர்னல் எழும்போது பயன்படும் தொடக்கக் கோப்புத் தொகுப்பு) கோப்புக்கு, அதுவும் ஆறு கணினிகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது, ஆகாது. சர்வரில் ஒரு சிறிய வெப் சர்வர் போட்டு கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸையும் அதிலிருந்து கொடுங்கள்.

ஸ்கிரிப்டில் நாலே வரி: கெர்னல் எங்கே, இனிட்ராம்எஃப்எஸ் எங்கே, கெர்னலுக்கு என்ன சொல்ல வேண்டும், அப்புறம் பூட். கெர்னல் வரியில் சொல்ல வேண்டியவை: ரூட் (இயங்குதளம் இருக்கும் முதன்மைக் கோப்புறை) என்எஃப்எஸ்ஸில் இருக்கிறது, அது சர்வரின் இந்தக் கோப்புறை, முகவரி டிஎச்சிபியில் வாங்கு. இவற்றோடு, சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டிக்குக் கணினியின் பெயரைச் சொல்லும் சிஸ்டம்டி ஹோஸ்ட்நேம் என்ற அளவுருவையும் சேர்த்து, அதன் மதிப்பாக ஐபிஎக்ஸ்இயின் ஹோஸ்ட்நேம் மாறியைக் கொடுங்கள். டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் (நெட்வொர்க் கார்டின் எண்ணுக்கும்) ஒரு நிலையான ஐபியும் பெயரும் எழுதி வைத்திருந்தால், அந்தப் பெயர் ஐபிஎக்ஸ்இ வழியாக கெர்னலுக்கும் அங்கிருந்து சிஸ்டம்டிக்கும் போய்ச் சேரும். ஒரே இயங்குதளத்திலிருந்து எழும்பும் ஆறு கணினிகளும் ரோகிணி, சுவாதி, கேட்டை என்று தத்தம் பெயரைத் தெரிந்துகொள்வது இப்படித்தான். இந்தப் பெயர் பின்னால் மிக முக்கியமாகப் பயன்படும்.

பயாஸில் செய்ய வேண்டியவை மூன்று. நெட்வொர்க் பூட்டை முதலில் வையுங்கள் (யூஇஎஃப்ஐயில் நெட்வொர்க் ஸ்டாக் என்பதைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும்). செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பச் சொல்லுங்கள்.

பொதுவான ரூட்

சர்வரில் ஒரு கோப்புறை எடுத்து, அதற்குள் டிபூட்ஸ்ட்ராப் என்ற கருவி கொண்டு ஒரு குறைந்தபட்ச டெபியனை இறக்குங்கள். சிஎச்ரூட் செய்து (அந்தக் கோப்புறையையே ரூட்டாகக் கொண்டு) உள்ளே போய் கெர்னல், தொலைவிலிருந்து உள்நுழைய எஸ்எஸ்எச் சர்வர், என்எஃப்எஸ் கருவிகள், நேரத்தைச் சரிசெய்யும் சேவை, வெப்பம் காட்டும் எல்எம்-சென்சார்ஸ், பாயின்க் கிளையன்ட் ஆகியவற்றைப் போடுங்கள். திரை, டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம்.

இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் பூட் முறை என்எஃப்எஸ் என்றும், மாட்யூல் வகை நெட்பூட் என்றும் மாற்றுங்கள். ரியல்டெக் கார்டு உள்ள கணினி என்றால் அதன் ஃபர்ம்வேர் தொகுப்பையும் சேர்த்துவிட்டு இனிட்ராம்எஃப்எஸை மறுபடி கட்டுங்கள். கெர்னல்வரை ஒழுங்காக வந்து, அதன்பின் நெட்வொர்க் கார்டே இல்லாததுபோல நின்றால் காரணம் பெரும்பாலும் டிரைவரோ ஃபர்ம்வேரோ உள்ளே இல்லாததுதான். ஐபிஎக்ஸ்இ கார்டைப் பார்த்தது என்பதால் லினக்ஸும் பார்க்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டுக்கும் டிரைவர் வேறு வேறு.

அப்புறம், ரூட்டைத் தாங்கும் இணைப்பை எந்தச் சேவையும் தொடக் கூடாது. நெட்வொர்க் மேனேஜரை நிறுவாதீர்கள். இன்டர்ஃபேஸஸ் கோப்பில் அந்தக் கார்டை மேனுவல் என்று எழுதுங்கள். பூட் நடுவில் யாராவது "புதிதாக முகவரி வாங்குகிறேன்" என்று இணைப்பை ஒரு கணம் இறக்கினால், இயங்குதளமே காலடியிலிருந்து போய்விடும், கணினி அப்படியே உறையும். எஃப்எஸ்டேப் கோப்பையும் (எதை எங்கே இணைப்பது என்ற பட்டியலையும்) காலியாக வையுங்கள். கணினியின் அடையாள எண்ணை வைக்கும் மெஷின்-ஐடி கோப்பில் இருப்பதை அழித்துக் காலிக் கோப்பாக விடுங்கள், ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒன்றை எழுப்பிக்கொள்ளும்.

இந்தக் கோப்புறையை என்எஃப்எஸ்ஸில் படிக்க மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள் (நெட்வொர்க்கில் பகிருங்கள்), கூடவே நோ-ரூட்-ஸ்குவாஷ் விருப்பமும் வேண்டும். அது இல்லாவிட்டால் கணினியின் ரூட் பயனர் (நிர்வாகி) சர்வரின் பார்வையில் யாரோ ஒருவர் ஆகிவிடுவார். கடவுச்சொல் கோப்பைக்கூடப் படிக்க முடியாது, உள்நுழைவே நடக்காது. உள் நெட்வொர்க்கின் முகவரிகளுக்கு மட்டும் இந்த அனுமதியைக் கொடுங்கள்.

படிக்க மட்டும் என்றால் எழுத வேண்டியதை எங்கே எழுதுவது? அதற்குத்தான் ஓவர்லேஎஃப்எஸ், 3.18 கெர்னலிலிருந்து லினக்ஸின் ஒரு பகுதி. கீழே படிக்க மட்டுமான என்எஃப்எஸ், மேலே ரேமில் ஒரு டிஎம்பிஎஃப்எஸ். எழுதுவதெல்லாம் மேலே போகும், நிறுத்தினால் காணாமல் போகும். ஓவர்லேரூட் என்ற தொகுப்பு இதை இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே செய்து தருகிறது. அதன் அமைப்பில் டிஎம்பிஎஃப்எஸ் என்று சொல்லி, ரிகர்ஸ் என்பதை 0 ஆக்குங்கள். 1 ஆக இருந்தால் பிறகு மவுண்ட் செய்ய (இணைக்க) எஃப்எஸ்டேப்பில் எழுதும் கோப்புறைகளையும் அது ஓவர்லே ஆக்கிவிடும். பத்திரமாகச் சேமிக்கப்பட்டதாக நாம் நினைப்பது ரேமில் போய் உட்கார்ந்திருக்கும். ஓவர்லே மாட்யூலை இனிட்ராம்எஃப்எஸ்ஸின் மாட்யூல் பட்டியலில் எழுத மறக்காதீர்கள்.

டிஎம்பிஎஃப்எஸ் வழக்கமாக ரேமின் பாதிவரை வளரலாம். ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு லாக் கோப்பு அந்தப் பாதியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். லாக் எழுதும் ஜர்னல்டியை ரேமில் மட்டும் எழுதச் சொல்லி, உச்ச அளவாகச் சில பத்து எம்பி வையுங்கள்.

மறக்கக் கூடாதது

பாயின்க் தன் வேலைகள், பாதிக் கணக்குகள், தன் அடையாளம் எல்லாவற்றையும் ஒரே தரவுக் கோப்புறையில் வைக்கிறது. அது ரேமில் இருந்தால் ஒவ்வொரு முறை கணினி நின்றெழும்போதும் கையிலிருந்த வேலைகள் அனைத்தும் தொலையும். நமக்கு அது சில மணி நேர மின்சாரம். திட்டத்துக்கோ, அந்த வேலைகளின் கெடு முடியும்வரை விடை வராது, அப்புறம்தான் வேறு ஒருவருக்கு அனுப்புவார்கள். அதே வேலையைச் செய்து முடித்துவிட்ட இன்னொரு தன்னார்வலரும், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் காத்துக்கிடப்பார். அதனால் இதை அசட்டையாக விடாதீர்கள்.

சர்வரில் கணினிக்கு ஒன்றாக ஆறு கோப்புறைகள் உண்டாக்குங்கள், பெயர்கள் ஹோஸ்ட்நேம்களேதான். இவற்றை எழுதவும் அனுமதித்து, சிங்க் முறையில் (டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும் முறையில்) எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பொது ரூட்டில் ஒரு சிறு ஸ்கிரிப்ட்: தன் ஹோஸ்ட்நேமைப் பார், அந்தப் பெயருள்ள கோப்புறையை பாயின்க் தரவு இடத்தில் மவுண்ட் செய். அதை ஒருமுறை ஓடும் சிஸ்டம்டி சேவையாக்கி, பாயின்க் சேவை இதைக் கட்டாயம் சார்ந்திருக்கும்படியும் இதற்குப் பிறகே தொடங்கும்படியும் எழுதுங்கள். "பிறகு" என்று மட்டும் எழுதினால் போதாது, "கட்டாயம்" என்பதும் வேண்டும். மவுண்ட் தோற்றுப்போய் பாயின்க் மட்டும் தொடங்கினால், வெறும் ரேமில் தன்னைப் புதுக் கணினி என்று நினைத்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு அடையாளக் கோப்பு வைத்திருக்கிறேன். அது கண்ணில் படாவிட்டால் ஸ்கிரிப்ட் தோல்வி என்று முடியும், பாயின்க் தொடங்காது.

இந்த மவுண்டை என்எஃப்எஸ் 4ஆம் பதிப்பில் செய்யுங்கள். டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ் ரூட்டை 3ஆம் பதிப்பில், ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் பூட்டுதல் வசதி இல்லாமல் மவுண்ட் செய்கிறது. படிக்க மட்டுமான ரூட்டுக்கு அதனால் கேடில்லை. பாயின்க்கோ தன் கோப்புறையில் ஒரு பூட்டுக் கோப்பு போடும், அது கிடைக்காவிட்டால் இன்னொரு பாயின்க் ஓடுகிறது என்று சொல்லி நின்றுவிடும். 4ஆம் பதிப்பில் பூட்டுதல் உள்ளேயே இருக்கிறது. கோப்புறையின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால் அமையுங்கள்: பொது ரூட்டில் பாயின்க் பயனரின் எண் எதுவோ அதுவே.

மவுண்ட் விருப்பம் ஹார்ட் என்றே இருக்கட்டும். சர்வரை நீங்கள் மறுபடி பூட் செய்தால் கணினிகளின் லாக்கில் "சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன்" என்ற வரி வரும். சர்வர் எழுந்ததும் "சர்வர் சரி" என்ற வரி. நடுவில் டிஸ்க்கைத் தொட வேண்டிய நிரல்கள் காத்திருக்கும், தொட வேண்டாதவை கணக்கைத் தொடரும், எதுவும் தொலையாது. சாஃப்ட் என்று வைத்தால் அதே நேரத்தில் எழுத முயன்றவை பிழையோடு சாகும்.

பாயின்க்கை அமைப்பது

ஒரு கணினியில் பாயின்க்கை ஓடவிட்டு அதன் கோப்புறையை மற்ற ஐந்துக்கும் நகலெடுக்கலாமே என்று தோன்றும். கூடாது. அந்தக் கோப்புறையில் கணினியின் அடையாளம் இருக்கிறது, திட்டத்தின் சர்வர் ஆறையும் ஒன்று என்று குழப்பிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திட்டத்தில் சேருங்கள். எஸ்எஸ்எச்சில் ஒரு சிறு லூப் எழுதினால் ஒரே மூச்சில் முடியும். எல்லாவற்றுக்கும் பொதுவாக நகலெடுக்கக் கூடியவை அமைப்புக் கோப்புகள் மட்டும்: தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் கடவுச்சொல், அனுமதித்த முகவரிகளின் பட்டியல், விருப்ப மேலெழுதல் கோப்பு.

அந்த மேலெழுதல் கோப்பில் மூன்று விஷயம் பாருங்கள். டிஸ்க்கில் எழுதும் இடைவெளி வழக்கமாக 60 நொடி, அதை 300 அல்லது 600 ஆக்குங்கள். நெட்வொர்க் அமைதியாக இருக்கும்; கரண்ட் போனால் இழப்பது அதிகபட்சம் சில நிமிடக் கணக்குதான். வேலைச் சேமிப்பைக் குறைவாக வையுங்கள், அரை நாள் போதும். அதிகம் இழுத்து வைத்துக்கொள்வது மற்றவர்களைக் காக்க வைக்கும். ரேம் வரம்பை 75 சதவீதம் அளவில் வையுங்கள், மீதி ஓவர்லேக்கு. ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) நம்மிடம் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

திட்டங்களில் சில நாள் வேலை இருக்காது. அதனால் இரண்டாவதாக ஒரு திட்டத்தில் சேர்ந்து அதன் வளப் பங்கை 0 என்று வையுங்கள். முதல் திட்டத்தில் வேலை இல்லாதபோது மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். புரதங்களை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் பிடிக்கும் என்றால் அதற்குத் தனி கிளையன்ட், பாயின்க்கில் வராது. தரவுக் கோப்புறையை இதே முறையில் பிரிக்கலாம்.

சர்வரில் ஸ்குவிட் ப்ராக்சி (இறக்கியதைச் சேமித்து மறுபடி தரும் இடைநிலை நிரல்) வைத்தால் ஆறு கணினிகளும் ஒரே நிரல் கோப்பை ஆறு முறை இணையத்திலிருந்து இறக்குவதைத் தவிர்க்கலாம். ஸ்குவிட் வழக்கமாக 4 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சேமிக்காது, அந்த வரம்பை உயர்த்துங்கள். எச்டிடிபிஎஸ்ஸில் வருவதைச் சேமிக்க முடியாது என்பதால் திட்டத்தைப் பொறுத்தே பலன்.

கண்காணிக்க பாயின்க்டியூஐ எனக்குப் பிடித்தது. சர்வரின் டெர்மினலில் ஒரே இடத்தில் ஆறு கணினிகளின் வேலைகளும் நகர்வது தெரியும்.

விடை சரியாக வர வேண்டும்

வேகத்தைவிட இதுதான் எனக்குப் பெரிது. பல திட்டங்கள் ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகின்றன. உங்கள் விடை பொருந்தாவிட்டால் செல்லாது என்று குறிப்பார்கள். ஒரே கணினியில் மட்டும் செல்லாதவை வந்துகொண்டிருந்தால் ரேம் பழுது, சூடு, அல்லது பவர் அடாப்டர். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளின் 6ஆம் பதிப்புக்குப் பிந்தையவை நெட்வொர்க்கிலிருந்தே பூட் ஆகும். ஐபிஎக்ஸ்இ ஸ்கிரிப்டில் அதை ஒரு தேர்வாகச் சேர்த்து வையுங்கள். புதிதாகச் சேரும் எந்தக் கணினியையும் நான் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்டில் விட்ட பிறகே வேலைக்கு எடுப்பேன். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் துண்டைக் கழற்றிவிடுவேன். தவறான விடை தரும் கணினியைவிட நின்றுபோன கணினி மேல்.

சென்சார்ஸ் கட்டளையில் முழுச் சுமையில் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டி நிற்கிறதென்றால் எல்லாக் கோரையும் ஓட்டாதீர்கள். ஒரு கோரைக் குறைத்தாலே பல மினி கணினிகள் நன்றாக இறங்கிவரும்.

சிக்கல் வரும்போது எங்கே பார்ப்பது

திரையில் பிஎக்ஸ்இ-இ51 என்று வந்தால் டிஎச்சிபியிலிருந்து பதிலே வரவில்லை: கேபிள், சுவிட்ச், டிஎன்எஸ்மாஸ்க் தவறான கார்டில் கேட்டுக்கொண்டிருப்பது. இ53 என்றால் முகவரி கிடைத்தது, கோப்புப் பெயர் கிடைக்கவில்லை. கணினி வகையைப் பிரிக்கும் குறிச்சொல்லைப் பாருங்கள். இ32 என்றால் டிஎஃப்டிபி பதில் இல்லை, பெரும்பாலும் ஃபயர்வால் 69ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் கெர்னல்வரை வந்துவிட்டால் இனி சர்வரின் என்எஃப்எஸ் லாக்கைப் பாருங்கள், கணினியின் திரையை அல்ல. டிஎன்எஸ்மாஸ்க்கில் டிஎச்சிபி லாக்கை விரிவாக எழுதச் சொன்னால் யார் என்ன கேட்டார், என்ன பதில் போனது என்பது வரிக்கு வரி தெரியும். நான் முதலில் திறப்பது அதைத்தான்.

புதுப்பிப்பும் நிறுத்தமும்

கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது பொது ரூட்டுக்குள் போய் எதையும் மாற்றாதீர்கள். ஓவர்லேயின் கீழ் அடுக்கு மேலே மவுண்ட் ஆகியிருக்கும்போது மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு கெர்னலே உத்தரவாதம் தருவதில்லை. ரூட்டை அப்படியே நகலெடுத்து, தேதியைப் பெயராக வைத்து, அந்த நகலில் சிஎச்ரூட் செய்து புதுப்பியுங்கள். புது கெர்னல் வந்திருந்தால் அதையும் இனிட்ராம்எஃப்எஸையும் அதே தேதிப் பெயரில் வெப் சர்வரில் வையுங்கள். கெர்னலும் ரூட்டில் உள்ள மாட்யூல்களும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். அப்புறம் ஐபிஎக்ஸ்இ ஸ்கிரிப்டில் ஒரு தேதியை மாற்றி, ஒரு கணினியை மட்டும் பூட் செய்து ஒரு நாள் பாருங்கள். சரியாக ஓடினால் மற்றவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். ஏதாவது கோளாறு என்றால் பழைய தேதியைத் திரும்ப எழுதினால் போதும். ஆறு டிஸ்க்குகளில் தனித்தனியாகப் புதுப்பிப்பதோடு இதை ஒப்பிட்டால், டிஸ்க் இல்லாமல் கட்டியதற்கு இந்த ஒரு வசதியே போதும் என்பேன்.

முழு கிளஸ்டரையும் நிறுத்த வேண்டி வந்தால் முதலில் கணினிகள், கடைசியில் சர்வர். எழுப்பும்போது சர்வர் முதலில், என்எஃப்எஸ் தயாரானதும் வேக்-ஆன்-லேன் கட்டளையால் மற்றவற்றை சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எழுப்புங்கள். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பே எல்லாக் கணினிகளிலும் "புதிய வேலை வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கையில் இருப்பவை முடிந்து, விடைகள் ஏறி, திட்டத்தின் சர்வர் அவற்றைப் பெற்றுக்கொண்டது என்று பட்டியல் காலியான பிறகு நிறுத்தலாம். முடிக்க நேரமில்லாத வேலைகள் மிஞ்சினால் அப்படியே விட்டுப் போகாமல் கைவிடுகிறேன் என்று முறையாக ரத்து செய்யுங்கள். கெடுவரை காத்திருக்காமல் அவை உடனே வேறு ஒருவருக்குப் போகும்.